வேலுத்தாயோட கலர்

குருவாலங்குளத்துச் சனம் அம்புட்டும் ஒரு புதன்கிழமை காலையில சாம்பக் கலராப் போனதுக்குக் காரணம் பூசைத்துரையோட இடது பக்கத்துப் பழக்கந்தான்னு இன்னிக்கு வரைக்கும் ஊர்ல பேச்சு. அவனே டீக்கடையில கால் மேல கால் போட்டு உக்காந்துக்கிட்டு, "ஆமாய்யா, அஞ்சாங்கிளாசுல ரெண்டு வருசம் தோப்புக்கரணம் போட்டவன் கையில கம்ப்யூட்டரக் குடுத்தா ஊரு சாம்பலாகாம வேற என்ன ஆகும்?"னு கேப்பான். கேட்டுட்டு அவனே சிரிப்பான். அந்தூர்ல பூசைத்துரையக் கேலி பண்ண வாயத் தொறக்குறவனுக்கு ஏமாத்தந்தான், ஏன்னா அதுக்கு முன்னாடி அவனே தன்னைப் பத்தி எல்லாக் கேலியையும் பேசி முடிச்சிருப்பான், மிச்சம் வைக்க மாட்டான்.

அவனோட கடைக்கு மின்னல் ஸ்டூடியோன்னு பேரு. மெளகா மார்க்கெட்டுக்கு எதுத்தாப்புல, உரக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவுல சொருகி வச்ச மாதிரி ஒரு அறை, அதுல ஒரு ஸ்டூலு, ஒரு நீலத் துணி, ஒரு கண்ணாடி, ஒரு சீப்பு, பவுடர் டப்பா ஒண்ணு. பூசைத்துரைக்கு இங்கிலீசு ஒரு எழுத்து தெரியாது, கம்ப்யூட்டருக்குத் தமிழ் ஒரு எழுத்து தெரியாது, ஆனாலும் ரெண்டு பேரும் இருபது வருசமா சண்ட சச்சரவு இல்லாம குடும்பம் நடத்துனாங்க, எப்படின்னா மேல இருந்து நாலாவது வரி வெளிச்சம், ஏழாவது வரி கலர உறிஞ்சுறது, அதுக்கும் கீழ போனா மூஞ்சிய வெளுக்குற கோடு, அந்தக் கோட்டு மேல குண்டுமணி கணக்கா ஒரு புள்ளி இருக்கும், வலது பக்கம் தள்ளுனா மூஞ்சி வெளுக்கும், இடது பக்கம் இழுத்தா கருக்கும், இழுக்குறதுக்கு எவனும் கேட்டதில்ல, தள்ளச் சொல்லித்தான் எல்லாரும் கேப்பாங்க. நடுவுல மிஷின் ஒரு பெட்டியத் தொறந்து ஏதாவது கேள்வி கேட்டா, என்ன ஏதுன்னு பாக்காம இடது பக்கப் பொத்தான அமுக்கிரணும். அம்புட்டுத்தான் அவனோட படிப்பு.

அந்தூர்ல ஒரு வழக்கம் இருந்துச்சு. கல்யாண ஆல்பத்துல ஊர்க்காரன் ஒருத்தன் மூஞ்சி விட்டுப் போனாலும் அந்த வீட்டோட பேச்சு வார்த்த அத்துப் போகும். அதனால தாலி கட்டுன மறுநாள் போட்டோக்காரன் தெருத் தெருவா நடந்து, கல்யாணத்துக்கு வராதவங்க, வந்தும் பந்தியிலேயே இருந்துட்டவங்க, எந்திரிக்க முடியாமக் கட்டில்ல கெடக்குறவங்க, தொட்டில்ல தூங்குற கைப்பிள்ள வரைக்கும் படம் புடிப்பான். அதுக்கு விடுபட்டோர் படம்னு பேரு. இதனால என்ன ஆச்சுன்னா, ஒரு கல்யாண ஆல்பத்தப் புரட்டுனா ஊரையே எண்ணிறலாம், ஒத்த ஆளத் தவிர. அந்த ஒத்த ஆளு, கேமராவுக்குப் பின்னாடி நிக்குறவன்.

மெளகா கமிசன் கடை தவசிலிங்கம் மக அனுசுயாவுக்குக் கல்யாணம் ஆச்சு. மதுரையில சொந்தக்காரங்க வீட்டு ஆல்பத்துல தவசிலிங்கம் ஒரு படத்தப் பாத்துட்டு வந்திருந்தாரு. அதுல எல்லாரும் கருப்பு வெள்ளை, பொண்ணோட சேலை மட்டும் கலரு. ஸ்டூடியோவுக்கு வந்து ஸ்டூல்ல உக்காந்தாரு, ஸ்டூலு கிரீச்சுன்னுச்சு.

"ஏலே பூசை, எம்மக சேலை மட்டும் செக்கச் செவேல்னு தெரியணும். மத்தவனெல்லாம் சாம்பலாப் போகணும்."

"அண்ணாச்சி, நம்மூர்ல கருப்பு வெள்ளைப் படம்னா கண்ணீர் அஞ்சலி போஸ்டரு. உசுரோட இருக்குறவன அப்படிப் போட்டா என்னய தொலிய உரிச்சிருவானுக."

"எனக்கும் சேத்துத்தான போடப் போற? நானே ஒத்துக்கிட்டேன், வேற எவன்டா கேப்பான்?"

பூசைத்துரை ஒத்துக்கிட்டான். ஒத்துக்கிட்டதுக்குக் காரணம் தொழில் பக்தியெல்லாம் இல்ல, தவசிலிங்கம் எந்திரிச்சாத்தான் ஸ்டூலு பொழைக்கும்னுதான். எழுநூத்திப் பன்னெண்டு படம். ஒவ்வொண்ணுலயும் அந்தச் சேலையோட ஓரத்துலயே எறும்பு ஊர்ற மாதிரி எலிக்குட்டி கணக்கா இருக்குற மவுச நகத்தி நகத்தி, முந்தானை தனியா, கொசுவம் தனியா, மாப்பிள்ள கன்னத்துல பட்ட செகப்பு நெழலக் கூடத் தொடச்சு எடுத்து, மிச்ச எல்லாத்துலயும் ஏழாவது வரிய அமுக்கிக் கலர உறிஞ்சுனான். ஒவ்வொரு படத்துக்கும் மிஷின் ஒரு பெட்டியத் தொறந்து கேள்வி கேட்டுச்சு. பழைய படத்து மேலயே புதுப் படத்த எழுதிறவா, பழசு போயிருமே, பரவாயில்லையான்னு அது கேட்டுச்சுன்னு பின்னாடி சாத்தூர்ல இருந்து வந்த கம்ப்யூட்டர்காரரு சொல்லித்தான் தெரியும். எழுநூத்திப் பன்னெண்டு தடவையும் பூசைத்துரை இடது பக்கம் அமுக்குனான். அடுத்து ஒரு காதுகுத்து வீடு இருந்துச்சுன்னு கேமரா கார்டையும் வழிச்சுக் காலி பண்ணிட்டான்.

புதன்கிழமை காலையில தவசிலிங்கம் வீட்டுக் கூடத்துல, ஊர்ச்சனம் சுத்தி உக்காந்திருக்க, ஆல்பத்தத் தொறந்தாங்க. மொத பக்கத்தப் புரட்டுனாங்க, மொத பக்கத்துல இருந்தவங்க சாம்பலாப் போனாங்க. ரெண்டாம் பக்கத்தப் புரட்டுனாங்க, ரெண்டாம் பக்கத்துல இருந்தவங்க போனாங்க. இப்படிப் புரட்டப் புரட்ட ஒவ்வொருத்தரா வெளுத்து, நெத்தியில வச்ச குங்குமம் கரியாப் போயி, தலையில வச்ச கனகாம்பரம் சாணிக் கலராப் போயி, போட்டிருந்த சட்ட துணிமணியெல்லாம் மங்கி, கடேசிப் பக்கத்து விடுபட்டோர் படம் முடியுற வரைக்கும் யாரும் எடத்த விட்டு நகரல. பாதியில நிப்பாட்டியிருக்கலாம். ஆனா நம்ம படம் எந்தப் பக்கத்துல இருக்குன்னு பாக்காம எவன் எந்திரிப்பான்? முடிஞ்சதும் தவசிலிங்கம் சம்சாரம் எல்லாருக்கும் காப்பி குடுத்தாங்க. காப்பி மட்டும் காப்பிக் கலர்ல இருந்துச்சு.

அன்னிக்கு மத்தியானத்துக்குள்ள ஊருக்கு விசயம் வெளங்கிருச்சு. ஆளுக சாம்பல். ஆளு மேல ஏறுற துணியும் சாம்பல். கழத்திக் கொடியில காயப் போட்டா துணிக்குக் கலர் திரும்பிருது, மறுபடி போட்டா போயிருது. ஆடு மாடு மரம் மட்டை மெளகா எல்லாம் எப்பவும் போல. ஊர்ச்சனத்துக்கு நடுவுல கலரா இருந்தது ரெண்டே ரெண்டு: அனுசுயாவோட செகப்புச் சேலை, நீலக் கட்டம் போட்ட கைலியோட நடுத்தெருவுல நின்ன பூசைத்துரை.

"இத்தன பேர்ல என் மூஞ்சியத்தானா மிச்சம் வைக்கணும்? கலருக்கே இது கேவலம்ப்பா"ன்னு அவன் சொன்னான். யாரும் சிரிக்கல. அவன் போற எடமெல்லாம் பிள்ளைக பின்னாடியே ஓடி அவன் கையத் தொட்டுப் பாத்துச்சுக, ஒரு பிள்ள நக்கியே பாத்துச்சு.

ஒரு வாரம் அழுதாங்க, ரெண்டாம் வாரம் பழகிட்டாங்க. சனம்னா அப்படித்தான். ரெண்டு கட்சிக்காரங்களும் கரை வேட்டி கட்டி அடிதடிக்குப் போயி, எந்தக் கரை எந்தக் கட்சின்னு தெரியாம, அடிக்க ஆள் தேடி அலுத்துப் போயி, சேந்து டீ குடிச்சிட்டு வந்தாங்க. ஜவுளிக் கடையில சரக்கு நகரல, எட்டாயிரத்துச் சேலையும் எரநூறு ரூவாச் சேலையும் ஒடம்புல ஏறுனா ஒண்ணுதானே. அனுசுயாவோட செகப்புச் சேலை மட்டும் யார் கட்டுனாலும் செகப்பாவே நின்னுச்சு. அதனால அது வீடு வீடாப் போச்சு. வளைகாப்பா, குடு அந்தச் சேலைய. சீமந்தமா, குடு அந்தச் சேலைய. ஒண்ணும் விசேசம் இல்ல, மனசு சரியில்லையா, அதுக்கும் குடு. மாப்பிள்ள, "எம்பொண்டாட்டி கல்யாணச் சேலையக் கட்டாத பொம்பள ஊர்ல பாக்கி இல்ல"ன்னு பொலம்புனான்.

பெரிய அதிசயம் தரகர் வீட்டுலதான் நடந்துச்சு. பொண்ணு என்ன கலருன்னு கேப்பாங்க, சாம்பல்னு சொல்லுவாரு. பையன்? அவனும் சாம்பல். அதுக்கு மேல கேக்க ஒண்ணும் இல்லாமப் போயி, அஞ்சாறு வருசமா தட்டிக்கிட்டே போன மூணு பொண்ணுகளுக்கு ஒரே மாசத்துல பரிசம் போட்டாங்க.

இதெல்லாம் ஊருக்கு. பூசைத்துரைக்கு வில்லங்கம் வீட்டுக்குள்ள இருந்துச்சு.

அவன் பொண்டாட்டி வேலுத்தாய், கல்யாண வீட்டுக்கெல்லாம் அவன்கூடப் போயி லைட்டு கம்பியத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிப்பா. பதினெட்டு வருசமா நிக்குறா. எந்தப் படத்துலயும் அவ ஓரத்துல தெரிஞ்சா இவன் வெட்டிருவான், ஊர எண்ணுறவங்களும் அவள எண்ண மறந்துருவாங்க. இந்த ஆல்பத்துல மட்டும், எழுநூத்தி நாலாவது படத்துல, வெட்ட மறந்துட்டான். ஓரத்துல லைட்டத் தூக்கிக்கிட்டு அவ நின்னா. அதனால அவளும் சாம்பல்.

வேலுத்தாய் கருப்பு. நல்ல கருப்பு. கல்யாணம் ஆன புதுசுல இவன் தங்களோட கல்யாணப் படத்துல அந்தக் குண்டுமணிய வலது பக்கம் கடேசி வரைக்கும் தள்ளி, அவள வெள்ளரிப்பிஞ்சு கணக்கா ஆக்கி, சட்டம் போட்டு முன்னறையில மாட்டுனான். அதுக்கப்புறம் எடுத்த ஆதார் படம், ரேசன் படம், குலதெய்வக் கோயில் படம் எல்லாத்துலயும் அதே வெள்ளை. வர்றவங்க, "யாரும்மா இந்தப் பொண்ணு?"ன்னு கேட்டா, வேலுத்தாய் மொகம் மாறாமச் சொல்லுவா: "அவரோட மூத்த சம்சாரம். நல்ல செகப்பு. பாவம், ஆயுசு இல்ல." கேட்டவங்க உச்சுக் கொட்டிட்டுப் போவாங்க. பூசைத்துரையும் சிரிப்பான், எல்லாக் கேலியையும் சிரிக்கிற மாதிரி.

சாம்பலான அன்னிக்கு சாயங்காலம், உலையில அரிசியப் போட்டுக்கிட்டே அவ சொன்னா:

"இந்தா பாருங்க. என்னைக்காவது இத சரி பண்ற வழி ஒங்களுக்குத் தெரிஞ்சா, எனக்கு எங்கலரக் குடுங்க. அந்தச் சட்டத்துக்குள்ள இருக்கிறவ கலர எம்மேல தடவுனீங்க, அடுத்த பஸ்ஸுக்கு எங்க அண்ணன் ஊருக்குப் போயிருவேன். திரும்ப மாட்டேன்."

"ஏட்டி, பதினெட்டு வருசம் பேசாம இருந்துட்டு இப்ப என்ன?"

"இத்தன நாளு அது செவுத்துல இருந்துச்சு. இப்ப ஒடம்புல ஏறப் போகுதுல்ல?"

பூசைத்துரை முன்னறைக்குப் போயி அந்தச் சட்டத்த அண்ணாந்து பாத்துட்டு வந்தான்.

ஊரு பாட்டுக்குச் சாம்பலாவே இருந்திருக்கும். வெளியூர்க்காரங்கதான் விடல. பஸ்ஸுல ஏறுனா கண்டக்டரு டிக்கெட்டுக் குடுக்கப் பயந்து விபூதி எடுத்துப் பூசுனாரு. பைக்கில போற சாம்பல் ஆளப் பாத்தா பக்கத்தூர்ல செருப்பக் கழட்டிட்டு நின்னு, எப்ப எடுக்குறாங்கன்னு கேட்டாங்க. மெளகா வாங்க வந்த யாவாரிக, போஸ்டர்ல இருந்து எறங்கி வந்த ஆளுககிட்ட எப்படி வெல பேசுறதுன்னு லாரியத் திருப்புனாங்க. தவசிலிங்கம் ஊர்க் கூட்டம் போட்டாரு. "பங்குனிப் பொங்கலுக்கு முந்தி ஊருக்குக் கலர் வரணும். வரலன்னா பூசைத்துரை கடையப் பூட்டிக்கிட்டு ஊர விட்டுப் போகணும்." சாம்பலாக்கச் சொன்னது யாருன்னு பூசைத்துரை கேக்க நெனச்சான். தவசிலிங்கம் ஒக்காந்திருந்தது அவன் ஸ்டூலு. கேக்கல.

டீக்கடை கொண்டல்ராசு காதுலதான் வழி தெரிஞ்சுச்சு. பூசைத்துரை வெறுமனே மிஷின் முன்னாடி உக்காந்து, கொண்டல்ராசு படத்துல காது மடலுக்கு மட்டும் கொஞ்சம் கலரத் தடவிப் பாத்தான். எதுத்த கடையில டீ ஆத்திக்கிட்டு இருந்த கொண்டல்ராசு, "யோவ், காது சுடுது!"ன்னு கத்துனாரு. ஓடிப் போயிப் பாத்தா சாம்பல் மூஞ்சியில ஒத்தக் காது மட்டும் முழுக் கலர்ல ஒட்ட வச்ச மாதிரி நிக்குது.

மறுநாள் விடியக்காத்தால மின்னல் ஸ்டூடியோ வாசல்ல ரேசன் கடைய விடப் பெரிய வரிச. பழைய படம் ஒண்ணும் இல்ல, இருந்ததெல்லாம் அழிச்சாச்சு, ஆளப் பாத்து அவங்க சொல்ற கலரத்தான் தடவணும். அவங்க சொன்ன கலரக் கேக்கணுமே! எல்லாரும் உள்ள வந்து, ஸ்டூல்ல உக்காந்து, கதவ லேசாச் சாத்திட்டு, மெதுவா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க.

"கொஞ்சம் செகப்பாப் போடு பூசை. ரொம்ப வேணாம். அசலூர்க்காரன் நம்புற மாதிரி."

பூசைத்துரைக்குச் சொல்லவா வேணும்? இருபது வருசப் பழக்கம். குண்டுமணியத் தள்ளுனான், தள்ளுனான், ஊரையே தள்ளுனான். அஞ்சு நாள்ல குருவாலங்குளம் பால் பண்ண கணக்கா வெளுத்துப் போச்சு. கருவக்காட்டுல வெறகு வெட்டுற சனமெல்லாம் ரோசாப்பூக் கலர்ல கோடாலியோட நடந்துச்சு. கண்ணாடியில பாத்தாங்க, சந்தோசமாத்தான் இருந்துச்சு. ஆனா எரும மாடு தன்னோட எசமானப் பாத்து மெரண்டு, கால உதறி, பால் குடுக்க மாட்டேன்னுருச்சு. கைப்பிள்ளைக அம்மாகிட்ட போகாம, சாம்பலாவே இருந்த கெழவிககிட்ட போயி ஒட்டிக்கிச்சுக. ஒருத்தன் வயல்ல இருந்து வந்து, அடுப்படியில நின்ன பொம்பளையப் பாத்து, "மன்னிக்கணும், வீடு மாறி வந்துட்டேன்"னு வெளிய போயி, தெருத்தெருவா தன் வீட்டத் தேடியிருக்கான்.

ஆறாம் நாளு அதே வரிச, அதே ஸ்டூலு. "பூசை, பழைய கலரே குடுத்துரு. எரும கறக்க விட மாட்டேங்குது."

"பழைய கலர் என்னன்னு சொல்லு, போடுறேன்."

யாருக்கும் சொல்லத் தெரியல. மாநெறம்னாங்க, புதுநெறம்னாங்க, சின்ன வயசுல செகப்பா இருந்தேன்னாங்க. பழைய ஆல்பத்தக் கொண்டாந்து பாத்தாங்க, அதெல்லாம் இவன் வெளுத்தது. பூசைத்துரைக்கும் ஞாபகம் இல்ல. ஊர்ல எல்லா மூஞ்சியையும் வெளுத்து வெளுத்தே கையில குடுத்தவன், வெளுக்குறதுக்கு முந்தி என்ன இருந்துச்சுன்னு எங்க பாத்தான்?

அப்பத்தான் வேலுத்தாய் உள்ள வந்தா. சாம்பலாவே வந்தா. இத்தன நாளும் அவ வரிசைக்கே வரல. ஒரு பலகைய இழுத்துப் போட்டு மிஷின் பக்கத்துல உக்காந்தா.

"கொண்டல் அண்ணன் இவ்வளவு வெளுப்பா? அடுப்பு முன்னாடி முப்பது வருசமா நிக்குற மனுசன். எறக்குங்க. இன்னும். நெத்தியில கொஞ்சம் கூட எறக்குங்க, ஆவி படுற எடம். ஆங், நிப்பாட்டுங்க."

தெருவுல கொண்டல்ராசுவோட எரும கத்துச்சு, சந்தோசமா.

பதினெட்டு வருசமா வெளிச்சத்தத் தூக்கிப் புடிச்சவளுக்குத்தான், அது யார் மூஞ்சியில எப்படி விழும்னு தெரிஞ்சிருந்துச்சு. இவளுக்குக் கழுத்துல ஒரு கலரு மூஞ்சியில ஒரு கலரு, அவனுக்கு முழங்கை மட்டும் கருப்பு, தவசிலிங்கம் அண்ணாச்சிக்குச் சட்ட மறைக்கிற எடம் வரைக்கும் வெளுப்பு அதுக்கு மேல கருப்புன்னு அவ சொல்லச் சொல்ல, இவன் எறக்க எறக்க, ஒவ்வொருத்தரா அவங்கவங்க தோலுக்குள்ள போயி உக்காந்தாங்க. ஊரே முடிஞ்சு போச்சு. பங்குனிப் பொங்கலுக்கு ரெண்டு நாள் இருந்துச்சு. பாக்கி ஒண்ணே ஒண்ணு, எழுநூத்தி நாலாவது படம்.

அன்னிக்குக் காலையில வேலுத்தாய் துணிப்பையோட ஸ்டூடியோவுக்கு வந்தா. பைய மடியில வச்சுக்கிட்டு ஸ்டூல்ல உக்காந்தா.

"பதினோரு மணிக்கு பஸ்ஸு. போடுங்க."

"நீதான் சொல்லணும். எல்லாருக்கும் சொன்னேல்ல?"

"எங்கலர நானே எப்படிங்க பாத்திருப்பேன்? வீட்டுல கண்ணாடியில பாக்குறது நேரா வகிடு எடுக்க. என்னைப் பாத்துக்கிட்டு இருந்தது நீங்க. ஒரே பாயில படுத்தது நீங்க. போடுங்க."

வாசல்ல கொண்டல்ராசுவும் தவசிலிங்கமும் வந்து நின்னுக்கிட்டாங்க, வேடிக்கைக்குன்னா ஊர்ல ஆள் பஞ்சம் இல்ல.

பூசைத்துரை ஒரு கலரத் தடவுனான். ஸ்டூல்ல உக்காந்திருந்தவ மேல அது சரசரன்னு ஏறுச்சு. அவ கையத் திருப்பிப் பாத்தா. "இது கொண்டல் அண்ணன் சம்சாரம்."

அழிச்சான். வேற தடவுனான். "இது புளி. போன வருசத்துப் புளி."

அழிச்சான். மறுபடி தடவுனான். "இது எங்க அண்ணன். மீசைதான் கொறச்சல்." வாசல்ல நின்ன ரெண்டு பேரும் சிரிச்சாங்க. வேலுத்தாய் சிரிக்கல. பையோட காத இறுக்கிப் புடிச்சா. சந்தி முக்குல பஸ்ஸுக்கு ஆளுக கூடுற சத்தம் கேட்டுச்சு.

பூசைத்துரை மவுச விட்டுட்டு மூஞ்சியத் தொடச்சான். "எனக்குத் தெரியல வேலு. நான் ஒன்னயப் பாத்ததில்ல. பாத்ததெல்லாம் எவ்வளவு வெளுக்கலாம்னு பாத்ததுதான். கோமாளிப் பயலுக்கு வாக்கப்பட்டுட்ட, வேற என்ன சொல்ல."

"கோமாளித்தனம் பண்ணித் தப்பிக்காதீங்க. கையப் போடுங்க."

அவன் அந்தக் குண்டுமணியப் புடிச்சு இடது பக்கம் இழுத்தான். இழுத்தான், மூஞ்சி கருத்துக்கிட்டே வந்துச்சு. ஓர் எடத்துல வந்து கை நின்னுருச்சு. அந்த எடம் அவன் வெரலுக்குப் பழக்கம். யாரு படம் வந்தாலும், எம்புட்டுக் கருப்பா இருந்தாலும், இதுக்குக் கீழ இருந்தா மனுசன் மூஞ்சியே இல்லன்னு அவன் வெரலு தீர்மானம் பண்ணி வச்சிருந்த எடம். ஊருக்கெல்லாம் எறக்குனப்பக் கூட அவ சொல்லித்தான் அத எறக்குனான், இப்பச் சொல்ல ஆள் இல்ல.

"என்ன நின்னுருச்சு?"

"போக மாட்டேங்குது."

"மவுசா?"

"கையி."

"ஏன்?"

"ஒன்னய எவனாவது கருப்பின்னு கேலி பேசிருவானோன்னுதான் அப்பவே வெளுத்தேன் வேலு. சத்தியமா."

"பதினெட்டு வருசத்துல எவன் பேசுனான்?"

பூசைத்துரை யோசிச்சான். கொண்டல்ராசு பேசுனதில்ல. தவசிலிங்கம் ஊர்ல எல்லாரையும் பேசுனவரு, அவரும் இதப் பேசுனதில்ல. பேசுனவன் ஒரே ஒருத்தன்தான், அவனும் வாயால பேசல. படத்துக்கு ஒரு தடவ, வெரலால பேசியிருக்கான். ஊர்ல எவனும் தன்னைக் கேலி பண்றதுக்கு முந்தி தானே பண்ணிக்கிற மாதிரி, எவனும் பண்ணாத கேலிய அவளுக்கும் சேத்துப் பண்ணி, சட்டம் போட்டு மாட்டியிருக்கான்.

சந்தி முக்குல பஸ்ஸு ஆரன் அடிச்சுச்சு. வேலுத்தாய் எந்திரிச்சா.

அவன் இழுத்தான். அந்த எடத்தத் தாண்டி இழுத்தான். குண்டுமணி நகந்துச்சு, இன்னும் இழுத்தான், போதும்னு மனசு சொன்னதுக்கு அப்பறமும் ஒரு மடங்கு இழுத்தான், இழுத்து நிப்பாட்டுனான். எந்திரிச்ச வாக்குல நின்ன வேலுத்தாய் மேல, காதுக்குப் பின்னாடி ஆரம்பிச்சு, கழுத்துல எறங்கி, தோள்ல எறங்கி, பையப் புடிச்சிருந்த வெரல் வரைக்கும் அது வந்துச்சு. எது மாதிரின்னு சொல்லப் பூசைத்துரைக்கு வார்த்த கெடைக்கல, அது எது மாதிரியும் இல்ல. சேலை பச்சையாச்சு. அந்தக் கருப்புக்கு முன்னாடி பச்ச இவ்வளவு பச்சையா இருக்கும்னு அவனுக்குத் தெரியாது.

ரொம்பப் போயிருச்சோன்னு பயந்து, ஒரு மயிரிழை வலது பக்கம் தள்ளப் போனான். பொறங்கையில பட்டுன்னு ஒரு அடி விழுந்துச்சு.

"கைய எடுங்க."

எடுத்தான். வாசல்ல இருந்து கொண்டல்ராசு சொன்னாரு: "என்ன தாயி, இத்தன நாளா ஆளையே காணோம்? ஊர்லதான் இருக்கியா?"

"இங்கதான்ண்ணே இருக்கேன்."

பஸ்ஸு கெளம்பிப் போற சத்தம் கேட்டுச்சு. வேலுத்தாய் பையக் கீழ வச்சா.

பூசைத்துரையோட கை தன்னால கேமராவுக்குப் போச்சு. அவ பாத்த பார்வையில பாதி வழியிலயே நின்னு, திரும்பி வந்து மடியில உக்காந்துச்சு. ஒத்தக் கண்ண மூடிக்கிட்டே பொழப்பு நடத்துன மனுசன், அன்னிக்கு ரெண்டு கண்ணையும் முழுசாத் தொறந்து வச்சுக்கிட்டு, பொண்டாட்டியப் பாத்துக்கிட்டே இருந்தான். தவசிலிங்கம் செருமிட்டுப் போனாரு. கொண்டல்ராசு டீ கொண்டு வந்து வச்சாரு, அது ஆறுச்சு, ஆடை கட்டுச்சு, இவன் கண்ண எடுக்கல.

"என்ன அப்படிப் பாக்குறீங்க?"ன்னா வேலுத்தாய்.

"இன்னும் முடியல, இரு"ன்னான் பூசைத்துரை.